இறால் மட்டும் வேண்டாம்

டிசம்பர் 21, ஞாயிறு

கோடியக்கரையில் அம்பலவாணன் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வாலாட்டிக்கொண்டு முன்னால் நடந்து வழி காட்டும். முப்பது வருடம் உப்பு லாரி ஓட்டினவன் நான். கல்கத்தா வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். (கோசலை இதைப் படித்தால் 'கும்பகோணம் வரைக்கும்' என்று திருத்துவாள். அவள் கையில் பேனா கொடுக்கக்கூடாது.) படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் ஒன்பதாவது வாத்தியார் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்.

பழைய டைரி ஒன்று கிடந்தது. தேதியை அடித்து அடித்து எழுதுகிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. காலையில் தங்கச்சி சௌந்தரம் கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள்.

“அண்ணே, ஜனவரியில பறவை எண்ணுவாங்களே, அது என்னைக்கு?”

“பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழம. எதுக்கும்மா?”

“நான் வரேன். பரிதி வருசா வருசம் உன் வீட்டுல வந்து தங்குவான்னு சொல்லுவியே, அந்த ரூம்ல ரெண்டு நாளு தங்கிக்கிறேன். அவன் நின்ன எடத்துல நான் நிக்கணும். அவன் பாத்ததையெல்லாம் எனக்குக் காட்டு. நீதான் கூடவே போவியே.”

“தாராளமா வா” என்றேன். வேறு என்ன சொல்வது?

இளம்பரிதி அவளுடைய ஒரே பிள்ளை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பறவை பார்ப்பதில் பைத்தியம். இந்த ஐப்பசி மழையில் பைக் சறுக்கிப் போய்விட்டான். முப்பத்திரண்டு வயது.

போனை வைத்ததும் கோசலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எந்த ரூம்ல தங்கினானாம்? நம்ம வீட்டுல மனுசங்க படுக்கிற ரூமே ஒண்ணுதானங்க.”

இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பரிதி குளிர்காலம் தவறாமல் கோடியக்கரைக்கு வந்தது சத்தியம். கணக்கெடுக்கிற கூட்டத்தோடு வந்து ரெஸ்ட் ஹவுஸில் தங்குவான். ஊர் வரைக்கும் வந்தவன் வீடு வரைக்கும் வந்த மாதிரிதானே? நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் நான் போட்டு நிரப்பி, சௌந்தரத்துக்கு வருடா வருடம் போனில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

டிசம்பர் 23

பல் டாக்டர் சொன்னார் என்று கோசலை என் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி எங்கேயோ ஒளித்துவிட்டாள். வாய் சும்மா இருந்தால் கை எழுதுகிறது.

அம்மாவும் பிள்ளையும் ஏன் பேசாமல் போனார்கள் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது தப்பாகச் சொல்வார்கள்.

ஏழு வருடம் முன்னால் சௌந்தரத்தின் வீட்டுக்காரர், ஹெட்மாஸ்டர், காலையில் காபி கேட்டார். காபி வருவதற்குள் போய்விட்டார். பரிதி அப்போது கடலுக்குள் ஏதோ ஒரு திட்டில் பறவை எண்ணிக்கொண்டிருந்தான். போன் எட்டவில்லை. ஒரு பகல் ஒரு இரவு பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கடைசியில் பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான். மறுநாள் பால் தெளித்துவிட்டு வருகிறோம், முகமெல்லாம் உப்பு பூத்து, கழுத்தில் பைனாகுலரோடு வாசலில் வந்து நிற்கிறான்.

சௌந்தரம் கத்தவில்லை. கத்தியிருந்தால் சரியாகப் போயிருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள். “உன் பறவைங்ககிட்டயே போ.”

அவனும் போய்விட்டான். அப்பனுக்கும் மேலே பிடிவாதம், அம்மாவுக்குச் சமமாக.

அடுத்த மார்கழியில் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தான். அந்த ஒரு தடவைதான். பைக்கை விட்டு இறங்காமலே, “அத்தை, மோர் இருக்கா?” என்று கேட்டான். கோசலை உள்ளே ஓடினாள். நான் கிடைத்த நேரத்தை விடக்கூடாது என்று, “டேய், உங்கம்மா தெனம் அழுவுறாடா. சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. ஒரு தடவ போயி நில்லுடா” என்றேன்.

பையன் சிரித்தான். “மாமா, நீங்க சொன்னா பூநாரைக்கு மீசையே மொளைச்சிடும்.”

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கோசலை டம்ளரோடு வெளியே வந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது.

சின்ன வயதில் அந்தப் பயல் நான் சொன்ன எதையும் நம்பாமல் இருந்ததில்லை. கடலுக்கு அடியில் என் லாரி ஓடியிருக்கிறது என்றதை நம்பினான். அன்றைக்கு நான் சொன்னது அத்தனையும் நடந்ததுதான். சௌந்தரம் தினம்தான் அழுதுகொண்டிருந்தாள்.

டிசம்பர் 28

சாமான் அறையைக் காலி செய்தேன். சாக்கு, பழைய டயர், கோசலையின் உடைந்த கிரைண்டர் எல்லாம் கொல்லைக்குப் போயின. ஒற்றை ஆளாக ஒரே நாளில் சுண்ணாம்பு அடித்தேன். (எதிர்வீட்டு மாரியப்பனும் அவன் மச்சானும் தூரிகை பிடித்தார்கள்.) மாரியப்பன் வீட்டுக் கட்டில் ஒன்று இரவல். காலண்டரில் இருந்த பூநாரைப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினேன். தலைமாட்டில் ஒரு டார்ச், ஆணியில் என் பழைய தொப்பி. கதவோரம் நின்று பார்த்தால், இப்போதுதான் ஒருத்தன் எழுந்து கொல்லைப்பக்கம் போயிருக்கிறான் என்று தோன்றும்.

கோசலை எட்டிப் பார்த்தாள். வழக்கமாக ஏதாவது குத்திச் சொல்லுவாள். இன்று சொல்லாமல் போனாள். கொஞ்சம் பொறுத்து, கல்யாணத்துக்கு வந்த நல்ல போர்வையை எடுத்து வந்து கட்டிலில் விரித்தாள்.

“நான் எதுவும் பேச மாட்டேன். என்னைய எதுவும் சொல்லச் சொல்லாதீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது, நாக்கு பெரண்டுடும்.”

“உன்னைய யாரு சொல்லச் சொன்னா? அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்டி.”

ஜனவரி 4

காட்டிலாகா வாட்சரைப் பிடித்து, கணக்கெடுக்கிற கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலையில் உப்பளம், மதியம் போல்தான் கடற்கரை. ஆகவே நான் சௌந்தரத்தைக் காலையிலேயே லைட் ஹவுஸ் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். அந்தக் கூட்டத்தில் பரிதியோடு வந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் ரெஸ்ட் ஹவுஸ் என்று ஒரு வார்த்தை விட்டால் போச்சு. தன் பிள்ளை ஏழு குளிர்காலம் மாமன் வீட்டில் சாப்பிட்டான், படுத்தான், அம்மாவை விசாரித்தான் என்பது ஒன்றுதான் அவள் கையில் மிச்சம். அதையும் பிடுங்கிக்கொண்டு அவளை பஸ் ஏற்ற முடியாது.

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஜனவரி 9

வந்துவிட்டாள். வேதாரண்யம் வரை போய் அழைத்து வந்தேன். ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் படியிலேயே நின்றாள். அவள் இவ்வளவு சின்ன உருவம் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

அறையைக் காட்டினேன். தொப்பியைத் தொட்டாள். படத்தைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து போர்வையைத் தடவினாள். பிறகு தலையணையை எடுத்து மூலையில் இருந்த ஸ்டூல் மேல் வைத்தாள்.

“ஏம்மா?”

“ஒண்ணுமில்லண்ணே. பரிதி தலகாணி வச்சுக்க மாட்டான்.”

“ஆமாமா, இங்க வந்தாலும் எடுத்துக் கடாசிடுவான்” என்றேன் சட்டென்று. சமாளிப்பு என்றால் இதுதான் சமாளிப்பு.

மத்தியானத்துக்கு இறால் வறுவல். மார்கழி மாதத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை எறாலா என்று கோசலை முனகினாள். நான்தான் விடவில்லை. வருடா வருடம் போனில், 'பரிதி வந்தான், நம்ம வீட்டு எறா வறுவல் ரெண்டு தட்டு காலி பண்ணிட்டான்' என்று சொல்லியிருக்கிறேன். அதே வறுவலை அவளும் சாப்பிட வேண்டாமா?

“இதுதான் தங்கச்சி, உன் பிள்ள உசுர விடுவானே, அது.”

சௌந்தரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு இறால்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

ஜனவரி 10

மழைத் தூறல். மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தோம். சௌந்தரம் கோசலைக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாள். நான் பரிதியைப் பற்றி நிறையச் சொன்னேன். அவன் வாசலில் வைத்து என் லாரி ஹாரனைச் சரி செய்தது, எங்கள் நாயைக் குளிப்பாட்டியது, 'அம்மா கையால போட்ட வடு மாங்கா மாதிரி வராது மாமா' என்று சொன்னது. எல்லாம் நேரில் பார்த்த மாதிரி வந்து விழுந்தது.

அவள் ஒவ்வொன்றுக்கும் “அப்புறம்?” என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

இதை எழுதும்போது மாலை ஆகிவிட்டது. முறையாக எழுதுகிறேன்.

விடியும்போதே கிளம்பிவிட்டோம். வாடைக்காற்று காதைப் பிய்த்தது. சௌந்தரம் என்னுடைய மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரமணலில் நடந்தாள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தண்ணீர் வற்றின திட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள். காற்றுக்கு முகம் காட்டி எல்லாம் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஜனங்கள் மாதிரி.

“இது என்னண்ணே?”

“அது ரஷ்யாவுலேர்ந்து வந்தது. நடுவுல டெல்லில ஒரு நாளு எறங்கிட்டு வரும்.”

“அது?”

“அது உள்ளூரு. ரஷ்யாக்காரனுக்கு வழி காட்டும்.”

“பரிதி எங்க நிப்பான்?”

ஒரு இடத்தைக் காட்டினேன். நல்ல இடமாகத்தான் காட்டினேன். மேடாக, காற்று கொஞ்சம் குறைவாக, லைட் ஹவுஸ் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி. அவள் போய் அந்த இடத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வெகுநேரம்.

அப்போதுதான் சவுக்குத் தோப்புப் பக்கத்திலிருந்து தொப்பியும் முக்காலியுமாக நாலு பேர் வந்தார்கள். வாட்சர் பயல் சொன்னது பாதிதான். இந்த வருடம் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்களாம். பாதி உப்பளத்துக்கு, பாதி இங்கே.

“போலாம்மா, பசிக்குது” என்றேன்.

“இருண்ணே. அவங்க எப்படி எண்ணுறாங்கன்னு பாக்குறேன்.”

முக்காலியில் பெரிய தொலைநோக்கியை மாட்டினார்கள். ஒரு பையன் அதில் கண்ணை வைத்தான். அவன் கண்ணை எடுக்கவே கூடாதாம், எடுத்தால் எங்கே விட்டோம் என்பது தெரியாமல் போகுமாம். அதனால் அவன் பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை எழுதிக்கொண்டாள். பெயர் ஜெசிந்தா, காலேஜில் பாடம் எடுக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. காற்று இரைச்சலில் காது கேட்காமல் போய்விடக்கூடாது என்று அந்தப் பெண், பையன் சொன்னதைத் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

“நெடுங்கால் உள்ளான் பன்னெண்டு” என்றான் பையன்.

“வாத்தியார் பன்னெண்டு” என்றாள் அவள்.

கம்பிபோல் சிவப்புக் காலை வைத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டுப் போட்ட மாதிரி, தண்ணீரில் பார்த்துப் பார்த்து நடக்கிற பறவை அது. அரையாண்டு லீவில் பரிதியை லாரியில் உட்காரவைத்து உப்பளக் கரையில் ஓட்டிப்போகும்போது, 'டேய், உங்கப்பா நடக்குறாரு பாரு' என்று நான்தான் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தேன். பறவைக்கெல்லாம் புத்தகத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது என் வழக்கம் இல்லை. அதனால் அன்றன்றைக்கு வாய்க்கு வந்ததை வைத்தேன்.

“கல்திருப்பி மூணு.”

“மேஸ்திரி மூணு.”

சௌந்தரம் மெல்ல அவர்கள் பக்கம் போனாள்.

“பெரிய கொண்டை ஆலா, ஆறு.”

“அம்மா ஆறு” என்றாள் ஜெசிந்தா.

“என்னம்மா சொன்னே?” என்று சௌந்தரம் கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். “மன்னிச்சுக்குங்கம்மா, எங்களுக்கு இது பழகிப்போச்சு. எங்க டீம்ல ஒருத்தர் இருந்தாரு, ஆறு வருசம் அவர் சொல்ல நான்தான் எழுதுவேன். அவர் பறவைக்கெல்லாம் இப்படித்தான் பேர் சொல்லுவாரு. நெடுங்கால் உள்ளான்னா வாத்தியார். அவரோட அப்பாவாம்.”

“அவங்கப்பாவையும் விட்டு வைக்கலியா?” சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம். “அது ஏம்மா அம்மா?”

“பாருங்களேன்” என்று அவளைத் தொலைநோக்கிக்குக் குனிய வைத்தாள். “மஞ்சள் மூக்கா? பின்னந்தலையில முடி கலைஞ்சு நட்டுக்கிட்டு நிக்குதா? காலையில எந்திரிச்சு கொண்டை முடியாம, மூஞ்சில மஞ்சளோட, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு கத்துற அம்மாவாம். இது கத்துனா கடலே எந்திரிச்சு குளிக்கப் போயிடும்னுவாரு. அந்தப் பேரையெல்லாம் வச்சது அவரோட மாமாவாம், இந்த ஊருதான். மாமா சொல்றதுல பாதி பொய், மீதி பெரிய பொய், ஆனா எனக்குப் பறவையைக் காட்டினது அவர்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

ஒரு காலேஜ் ஆசிரியை என்னைப் பற்றி இப்படிப் பெருமையாகச் சொன்னதை நான் குறித்துக்கொள்கிறேன். நான்தான் அந்த மாமா என்று முன்னே போய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஏனென்றால் சௌந்தரம் கண்ணை எடுக்காமல் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

“அவரு இங்க வந்தா அந்த மாமா வீட்டுலதான் தங்குவாரா?”

“இல்லைங்கம்மா, எங்களோட ரெஸ்ட் ஹவுஸ்லதான். ஒவ்வொரு வருசமும் போறேன் போறேன்னு கிளம்புவாரு. அந்தத் தெரு முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவாரு. போனா அம்மாகிட்ட ஏன் போகலைன்னு கேப்பாங்க, எங்கிட்ட பதில் இல்ல ஜெசி, அப்படிம்பாரு.”

முடிந்தது. ஏழு வருடம் அடுக்கினது ஒரு நிமிடத்தில் சரிந்தது. சௌந்தரம் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்தபடியே இருந்தாள். பிறகு கேட்டாள்.

“இதுக்கு ஏம்மா நெத்தி வெளுத்துக் கெடக்கு?”

“குளிர்காலத்துல அப்படித்தான்மா. கறுப்பு உதிர்ந்து நெத்தி வெள்ளையாயிடும். வெயில் காலம் வந்தா திரும்பக் கறுத்துடும்.”

சௌந்தரம் ஒரு கையால் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் தன் நெற்றியைத் தொட்டாள். வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்த நெற்றியில் ஒன்றும் இல்லை.

“அவன் எப்படிச் சொல்லுவான்? நீ திருப்பிச் சொல்ற மாதிரியா?”

“இல்லம்மா. அவர்...” அந்தப் பெண் நிறுத்தினாள். 'அவன்' என்றது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சௌந்தரத்தின் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த பேனாவை என்ன செய்வது என்று தெரியாமல் மூடினாள், திறந்தாள்.

“சொல்லும்மா. எப்படிச் சொல்லுவான்?”

“கத்துவாரும்மா. மத்ததையெல்லாம் சும்மா சொல்லுவாரு. இதை மட்டும் ரெண்டு கையையும் வாய்ல குவிச்சுக்கிட்டு, நான் பக்கத்துலதான் இருப்பேன், இருந்தாலும் கடலைப் பாத்துக் கத்துவாரு.”

“கத்திக் காட்டேன்.”

அந்தப் பெண் முதலில் முடியாது என்று தலையாட்டினாள். அப்புறம் கடலைப் பார்த்துத் திரும்பி, கையைக் குவித்து, “அம்மா...” என்று கத்தினாள். எண்ணிக்கை வரவில்லை.

திட்டிலிருந்த ஆறும் எழும்பி, கர்ர் கர்ர் என்று கத்திக்கொண்டு ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன. சௌந்தரம் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

“வருசா வருசமா?” என்று மட்டும் கேட்டாள்.

“வருசா வருசம்மா.”

அண்ணன் என்ற முறையில் நான் அப்போது நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்க வேண்டும். வாயில் வெற்றிலை இருந்ததால் பேச முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியெல்லாம் நான் ஒரு கதையும் சொல்லவில்லை.

ஜனவரி 12

காலை பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனேன். பஸ் வரவில்லை. எதிரே டீக்கடையில் பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். திட்டினால் சொல்வதற்கு இரண்டு மூன்று காரணங்கள் கைவசம் வைத்திருந்தேன், எல்லாம் முதல் தரம்.

“அண்ணே” என்றாள். “பரிதி பத்தாவது படிக்கிறப்ப எறால் தின்னு மூஞ்சி வீங்கி, கண்ணு மூடிப்போயி, ஆஸ்பத்திரியில கெடந்தான். அதுலேர்ந்து எறால் வாசனை அடிச்சாலே தெரு மாறிப் போயிடுவான்.”

எனக்குப் புரிய கொஞ்சநேரம் ஆயிற்று.

“அப்ப மொத வருசமே...”

“மொத வருசமே தெரியும்.”

“தெரிஞ்சுமா என்னைய சொல்ல விட்டே? ஏழு வருசம்? ஒவ்வொரு தடவையும் அப்புறம் அப்புறம்னு கேட்டியேடி?”

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதை நீவிக்கொண்டிருந்தாள்.

“கேக்க நல்லாருந்துச்சுண்ணே. எம் புள்ளயப் பத்தி எங்கிட்டப் பேசறதுக்கு வேற யாரு இருந்தா?”

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டினாள்.

“அடுத்த வருசமும் போன் பண்ணி சொல்லுண்ணே. அவன் வந்தா.”

“சரிம்மா.”

“எறால் மட்டும் வேணாம்.”

ஜனவரி 15

பொங்கல். இந்த வருடம் எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. கட்டிலை மாரியப்பன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். தொப்பி ஆணியிலேயே இருக்கட்டும் என்று கோசலை சொன்னாள்.

ஏப்ரல் 19

வெயில் கொளுத்துகிறது. ரஷ்யாக்காரர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். லைட் ஹவுஸ் பக்கம் போனேன். ஆலா இரண்டு இருந்தன. கிட்டே போய்ப் பார்த்தேன். நெற்றி கறுத்திருக்கிறது. போன் செய்து சொன்னேன்.

“அப்படியாண்ணே” என்றாள்.

ஜனவரி 10, ஞாயிறு (மறு வருடம்)

கோடியக்கரைப் பறவைக் கணக்கெடுப்பு இந்த வருடம் என் தலைமையில் நடந்தது. அதாவது ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, “மாமா, நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டாள். என்னைத் தொலைநோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார்கள். என் கண் பருந்துக்கண் என்பது ஊருக்கே தெரியும், தண்ணீர் வழிந்ததற்குக் காரணம் வாடைக்காற்று. திட்டில் கொண்டை ஆலா இருந்தது. சத்தமாகச் சொன்னேன். அம்மா நாலு. ஐந்து என்று வாய் வரை வந்தது, நாலு என்பது கேட்பதற்கு என்ன கம்பீரம்? ஆனால் திரும்ப எண்ணினேன். நாலுதான். நாலு என்றே எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து கோசலையையும் கூட்டிக்கொண்டு தெருவில் டவர் கிடைக்கிற இடத்துக்குப் போய் சௌந்தரத்துக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“வந்தானாண்ணே?”

“வந்தான். விடியக்காலையிலயே வந்துட்டான்.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லாருக்கான். தாடி வச்சிருக்கான். எடுடான்னேன், கேக்கலை.”

“என்ன சாப்பிட்டான்?”

புளிச்சோறு என்று சொல்லவேண்டும். நேற்றே யோசித்து வைத்திருந்தேன், கூட மாவடு, இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான், கையை நக்கினான் என்று வரிசையாக. ஆனால் வாயில் வெற்றிலை இல்லாமலே எனக்கு வார்த்தை வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். “அப்புறம்ணே?” என்கிறாள் அவள், எனக்கு அப்புறம் இல்லை.

கோசலை என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“சௌந்தரம், நான்தான். ஆமா, வந்தான். வண்டிய விட்டு எறங்கி உள்ள வந்து உக்காந்தான். மோர் கேட்டான். குடுத்தேன். நின்னு பொறுமையா குடிச்சான். குடிச்சிட்டு டம்ளரக் கழுவிக் கவுத்து வச்சிட்டுத்தான் போனான்.”

உட்கார்ந்தான் என்றாள், அப்புறம் நின்று குடித்தான் என்றாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன முதல் பொய், அதிலேயே இவ்வளவு ஓட்டை. எனக்கு இருக்கிற கை அவளுக்கு வராது.

ஆனால் மோர் எனக்குத் தோன்றவே இல்லை.